இரண்டாவதாக இறங்கியவர்

கேள்வித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு. எதையுமே அப்படித்தான் படிப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பின்பக்கத்து அச்சகத்தின் பெயர்தான் என் கண்ணில் படும். அதற்கு அவர், என் வீட்டுக்காரர் கோதண்டம், "பொண்ணு மாப்ள பேர அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பிரஸ்காரனுக்கு வாழ்த்து சொல்லிட்டு வா சாமுண்டி" என்று கிண்டல் செய்வார். அந்தப் பழக்கத்தால் வந்த வினை இது. ஒழுங்காக முதல் பக்கத்திலிருந்து வந்திருந்தால், இதைப் பார்க்கும்போது பாதித் தேர்வாவது எழுதி முடித்திருப்பேன். கடைசிக் கேள்வி, பதினைந்து மதிப்பெண். 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிக்குள் தொழிலாளி ஒருவர் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இரண்டாவது தொழிலாளி பாதுகாப்புக் கருவி எதுவுமின்றி இறங்குகிறார். இரண்டாமவரின் செயலை மேலாண்மை நோக்கில் மதிப்பிடுக.' இரண்டாமவர். பெயர் வைக்க ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா கேள்வி போட்ட இந்த மனுஷன், கந்தசாமி என்றோ முருகேசன் என்றோ ஏதாவது ஒன்று. பெயர் இருந்தால் அது வேறு யாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். பெயர் இல்லாததால் அங்கே கோதண்டம் வந்து நின்றுகொண்டார், காக்கி அரைச்சட்டையும் முழங்கால்வரை சுருட்டிய பேண்டுமாக. எங்கள் ஊர் விபத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்டாரா, இல்லை, டீ குடித்துக்கொண்டே சும்மா தோன்றியதை எழுதினாரா தெரியவில்லை. எங்கேயும் நடக்கிறதுதான். எல்லா ஊரிலும் ஒரு தொட்டி இருக்கிறது, எல்லாத் தொட்டிக்கும் ஒரு இரண்டாமவர் இருக்கிறார். நல்லவேளை, கீழே 'அல்லது' என்று போட்டிருக்கிறது. அல்லது, கார்பன் வரவு வணிகம், ஒரு கட்டுரை. அதை எழுதிவிடலாம். இரண்டு வருஷமாகப் படித்ததில் அது எனக்கு மனப்பாடம்.

முதல் பக்கத்துக்கு வா சாமுண்டி, சின்னக் கேள்விகளை முடி. நீடித்த வளர்ச்சி, வரையறு. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்றைய தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் வளர்ச்சி. கை தானாக எழுதுகிறது. பக்கத்து பெஞ்சுப் பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள், இருபத்திரண்டு வயதிருக்கும், காலையில் வாசலில் "ஆன்ட்டி, எக்ஸ்ட்ரா பேனா ஒண்ணு கீதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டது இவள்தான். ஆன்ட்டிதான், என்ன குறைச்சல். வருங்காலத் தலைமுறை என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வெண்பாவின் முகம்தான் வரும், வேறு எந்தத் தலைமுறையும் என்னிடம் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வெண்பா என் தம்பி ரத்தினத்தின் மகள். இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறாள், நடப்பது என்றால் எங்கே, விழுவதற்கு முன்னால் ஓடுவது. என் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "அத்த" என்பாள், தான்தான் அத்தை என்பதுபோல. ரத்தினம் வெளியே இருக்கிறான், கல்லூரி வாசலில் புங்கமரத்தடியில், ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டு. நான் தேர்வு முடித்து வரும்வரை எங்கும் போக மாட்டான். சவாரி வந்தாலும் போக மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கும் இப்படித்தான், கொண்டுவந்து விடுவான், மாலைவரை காத்திருப்பான், கூட்டிக்கொண்டு போவான். போடா, போய் நாலு சவாரி அடிச்சிட்டு வா என்றால், "பரவால்லக்கா" என்பான். அவனுடைய பேச்சு இப்போது அவ்வளவுதான். முன்பெல்லாம் அவன் வாயை மூட நான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்த கேள்வி, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, குறிப்பு வரைக. தீங்கு வரும் என்று சந்தேகம் இருந்தாலே நிறுத்திவிட வேண்டும், நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால்தானே. அன்றைக்கு அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

வாடை இல்லை என்பதால் இறங்கினார்கள். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் புரியாது. எங்கள் ஊர் தோல் பதனிடுகிற ஊர். பேருந்து பாலத்தைத் தாண்டியதும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கைக்குட்டையை எடுப்பார்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். எங்களுக்கு வாடை என்பது நேரம் காட்டுகிற விஷயம், காலை வாடை வேறு, மத்தியான வாடை வேறு, சுண்ணாம்புக் குழியைத் திறந்தால் ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று. தோல் கழிவுநீரெல்லாம் வந்து சேர்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் அவருக்கும் ரத்தினத்துக்கும் அப்போது வேலை. அவர்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டார், வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தான், மச்சானைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். சேற்றுத் தொட்டியில் இறங்க அங்கே அவர்களாகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விடுவது, பிறகு ஒருவர் குனிந்து மோந்து பார்ப்பது. அழுகிய முட்டை வாடை அடித்தால் காத்திருப்பது, வாடை நின்றால் இறங்குவது. காலங்காலமாக அப்படித்தான், அதற்கென்று மூக்கு நல்லாயிருக்கிற ஆளைக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் ரத்தினத்தை, இளம் மூக்கு என்று. சேற்றிலிருந்து கிளம்புகிற அந்த விஷவாயு கொஞ்சமாக இருக்கும்போது வாடை அடிக்கும், அளவு மீறினால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும், பிறகு வாடையே தெரியாது என்பதை நான் என்னுடைய இரண்டாவது தாளின் மூன்றாம் பாடத்தில் படித்தேன். படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. விபத்து நடந்த அன்று ரத்தினம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "வாடையே இல்ல மாமா" என்றானாம். அடைத்துக்கொண்ட மோட்டாரைக் கயிறு கட்டி மேலே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏணியில் பாதி இறங்கியவன் கை விட்டுவிட்டான். சேறு இடுப்பளவுதான். அதற்குள் முகம் குப்புற விழுந்தான்.

நான் பார்க்கவில்லை. நான் அப்போது செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் ஓடும்போது அங்கே யாரும் யாரையும் தொட மாட்டார்கள், ஊசி விரலில் ஏறிவிடும் என்பதால். சூப்பர்வைசர் அம்மா வந்து என் தோளைத் தொட்டார். தொட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, யார் என்பதுதான் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், அம்மா தாயே, இரண்டு பேரில் ஒருவர் என்றால், என்று ஆரம்பித்து, ஆரம்பித்து, அதற்கு மேல் போக விடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டே போனேன். நான் முடிக்காத அந்த வாக்கியத்தை வேறு யாரோ எப்படியோ முடித்துவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பம்ப் ஆபரேட்டர் சையது பாய். அவர் விசாரணையில் சொன்னதை நான் காதால் கேட்டேன். கோதண்டம் ஒரு நொடிகூட நிற்கவில்லையாம். "மச்சான்" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாராம், பதில் இல்லை, இறங்கிவிட்டார். ரத்தினத்தின் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றிக் கட்டி, "இஸ்துக்கோ பாய்" என்றாராம். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள், ரத்தினம் வந்தான். உடனே கயிற்றைத் திரும்ப இறக்கினார்கள். பிடிக்க ஆள் இல்லை. மேலே தூக்கிப் பார்த்தார்கள், கயிறு மட்டும் வந்தது, மறுபடி இறக்கினார்கள், மறுபடி கயிறு மட்டும் வந்தது. பாய் இதைச் சொல்லும்போது கையால் இழுத்து இழுத்துக் காட்டினார், கயிறு இல்லாத கையை. எனக்கு அந்தக் கையின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. நீ ஏன் இறங்கவில்லை என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே நகர்த்திப் போடச் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அவர் எறங்கியிருக்கக் கூடாதும்மா" என்றார். நிர்வாகம் பயிற்சி தரவில்லை, கருவி வைக்கவில்லை, அதற்கெல்லாம் நடவடிக்கை எடுப்போம், ஆனாலும் அவர் இறங்கியிருக்கக் கூடாது. நான் கேட்டேன், "சார், நீங்க இன்னா படிச்சிகீறீங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சுற்றுச்சூழல் கொள்கையும் மேலாண்மையும்" என்றார். அதைத்தான் நான் படிக்கிறேன். ஊரில் எல்லாரும் என்னவோ நினைக்கிறார்கள், அவர் போன பிறகு நிலையத்து ஆபீசில் எனக்குக் கொடுத்த வேலையில் மேலே போவதற்கு என்கிறார்கள், புருஷன் நினைவாகப் படிக்கிறது என்கிறார்கள், பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். அந்த மனிதர் படித்ததையெல்லாம் படித்து, அதில் எங்கேயாவது ஒரு வரி, ஒரே ஒரு வரி, கோதண்டம் இறங்கியது சரி என்று இருக்கும், அதைக் கொண்டுபோய் அந்த அதிகாரியின் மேஜையில் வைக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். பிளஸ் டூவுக்குப் பிறகு தபாலில் முடித்த பி.ஏ. வைத்திருந்தேன், போதும் என்றார்கள். எத்தனை பாடம், எத்தனை கோட்பாடு. மாசுபடுத்தியவரே ஈடு செய்யட்டும், படித்தேன். பங்கேற்பு மேலாண்மை, படித்தேன். தலைமுறைகளுக்கு இடையிலான நீதி, அதைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன், அதற்குள் இருக்கும் என்று நினைத்து. ஆறு, காடு, கடல், ஓசோன், எல்லாவற்றையும் காப்பாற்ற வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் காப்பாற்ற இறங்கியதற்கு ஒரு இடம் இல்லை. இருக்கிறது, இருக்கிறது, தொழிலிடப் பாதுகாப்பு என்ற பாடத்தில் ஒரு பத்தி இருக்கிறது. மூடிய தொட்டிகளில் முதலில் விழுகிறவரைவிட அவரை மீட்க இறங்குகிறவர்களே அதிகம் சாகிறார்கள், எனவே எந்த நிலையிலும் இறங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அல்போன்சா மேடம் அதைத் திரையில் போட்டு விளக்கினார். நான் கையைத் தூக்கி, எறங்கிக் காப்பாத்திட்டா மேடம், என்றேன். மேடத்துக்கு என் கதை தெரியாது. "ஒருத்தர் தப்பிச்சுட்டார்னு அதைக் கொள்கையா வெக்க முடியாதும்மா. அதைப் பாத்துட்டு அடுத்த ஊர்ல பத்துப் பேர் எறங்குவாங்க" என்றார். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எழுது, நேரம் போகிறது. மேற்பார்வைக்கு வந்திருக்கிற அம்மா என் மேஜையைத் தாண்டும்போது விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் போகிறார், நான் ஒன்றும் எழுதாமல் ஜன்னலைப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். நடுவில் உள்ள கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டேன், எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை, கை எழுதியிருக்கிறது. மிச்சம் கடைசி ஒன்றுதான். கார்பன் வரவு வணிகம். முன்னுரை, தலைப்புக்குக் கீழே கோடு. ஒரு தொழிற்சாலை இங்கே ஒரு டன் கரியமிலவாயுவை வெளியேற்றுகிறது. அதற்கு ஈடாக வேறொரு இடத்தில் ஒரு டன் கரியமிலவாயுவை உறிஞ்சும் அளவுக்கு மரம் வளர்க்கப்படுகிறது. இங்கே கூடியது அங்கே குறைந்தது, ஆகவே நிகர வெளியேற்றம் சுழியம். சுழியம் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒன்று போனது, ஒன்று வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே, ஒருவர் கீழே, ஒருவன் மேலே, நிகரம் சுழியம். சாவு வீட்டுக்கு வந்த ஒரு கிழவர்கூட இதையே வேறு வார்த்தையில் சொன்னார், தாலி போனாலும் கூடப்பிறந்தவன் கெடச்சானே தாயி, என்று. ஆறுதலுக்குத்தான் சொன்னார், அவரை என்ன செய்வது. ஆனால் எனக்குள்ளேயும் அந்தத் தராசு ஒன்று நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் இறங்காமல் மேலேயே நின்றிருந்தால் எனக்கு என் புருஷன் இருந்திருப்பார். தம்பியைப் பறிகொடுத்துவிட்டு அவர் மடியில் விழுந்து அழுதிருப்பேன், அவர் என் முதுகைத் தடவியிருப்பார், ஒரு வருஷம், இரண்டு வருஷம், பிறகு எப்படியோ சிரித்திருப்போம். எனக்கு அது வேண்டும். இப்போதும் வேண்டும். சோறு பரிமாறும்போது வேண்டும், மழை வந்து கொடியில் இருந்து துணியெடுக்கும்போது வேண்டும். வேண்டும் என்று நினைத்த உடனே ரத்தினம் செத்துப்போகிறான், வெண்பா பிறக்காமலே போகிறாள், நானே கொன்றதுபோல இருக்கிறது. எழுந்து போய் ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். எந்தப் பக்கம் நினைத்தாலும் ஒருவரைக் கொல்லாமல் என்னால் நினைக்க முடியவில்லை. அதிகாரி சொன்னாரே, அவர் இறங்கியிருக்கக் கூடாது என்று, அது எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று இப்போது தெரிகிறது. அது நான் ரகசியமாக ஆசைப்பட்டது. அதை ஒரு அந்நிய மனிதர் சட்டமாகச் சொல்லிவிட்டார்.

நிகர வெளியேற்றம் சுழியம் என்ற வரியை அடித்தேன். முன்னுரையையும் சேர்த்துக் குறுக்கே கோடு போட்டேன். மேற்பார்வை அம்மா நின்று, "முழுப் பக்கத்தையும் அடிச்சிட்டீங்களே, டைம் பாத்துக்கோங்க" என்றார் மெதுவாக. நல்ல அம்மா. பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். கேள்வி எண்ணை மறுபடி எழுதினேன். இரண்டாமவரின் செயலை மதிப்பிடுக. என்ன எழுதப்போகிறாய் சாமுண்டி. சரி என்று எழுதலாம், உள்ளதையெல்லாம் கொட்டலாம், என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு விடைத்தாளிலாவது சரி என்று இருக்கட்டும். திருத்துகிறவர் பாவப்பட்டு இரண்டு மதிப்பெண் போடுவார், போகட்டும். ஆனால் சையது பாய் வந்து குறுக்கே நிற்கிறார். கேள்வியில் அவர் இல்லை. கேள்வியில் இரண்டு பேர்தான். அன்றைக்குக் கயிறு மட்டும் திரும்பி வந்தபோது மேலே இருந்த இன்னொரு பையன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போனானாம், பாய் அவனைத் தரையில் தள்ளி, அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். அவன் அடித்தான், கடித்தான், கெட்ட வார்த்தை சொன்னான், பாய் எழுந்திருக்கவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை அவன் மேல் உட்கார்ந்தபடி தொட்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாராம். அதற்கப்புறம் ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "நான் எறங்கலம்மா" என்றார். அது மட்டும்தான். மன்னிப்பு என்று கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்திரிக்காய் பொறுக்கினேன். அந்தப் பையனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், எனக்குத் தெரிந்தவள்தான், செருப்புக் கம்பெனியில் எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்தவள். அவளுடைய தோளை யாரும் தொடவில்லை. இது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை, ஒரு பரீட்சை ஹாலில் உட்கார்ந்து தோன்ற வேண்டும் என்று இருந்திருக்கிறது. என் கோபமெல்லாம் பாய் இறங்கி, அந்தப் பையனும் இறங்கி, வரிசையாக எல்லாரும் இறங்கி, ஊரே அந்தத் தொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தது.

அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன், விடைத்தாளில் சொட்டினால் மை பரவும். எழுதினேன். இரண்டாமவர் இறங்கியிருக்கக் கூடாது. எழுதும்போது அவர் காக்கிச் சட்டையோடு என் முன்னால் நின்று, நான் எழுதுவதைக் குனிந்து பார்க்கிறார், என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரிகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தாலியைக் கழற்றிய அன்றைவிடக் கஷ்டமாக இருந்தது. அன்று மற்றவர்கள் கழற்றினார்கள், இது என் கை. வாடை இல்லாதது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது என்று எழுதினேன். வாயுவை அளக்கும் கருவி, மூச்சுக் கருவி, இடுப்பு வார், மேலே நிற்கப் பயிற்சி பெற்ற ஆள், இவை இல்லாத இடத்தில் மூடியைத் திறப்பதே குற்றம் என்று எழுதினேன். இரண்டாமவர் இறங்கும் நிலையை உண்டாக்கிய நிர்வாகமே முதல் பொறுப்பாளி என்று எழுதினேன். அன்பினால் இறங்குகிறவரை அன்பைச் சொல்லி நிறுத்த முடியாது, முன்கூட்டியே பழக்கிய விதியால்தான் நிறுத்த முடியும் என்று எழுதினேன், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என்னுடையது. பிறகு கேட்காத ஒன்றையும் எழுதினேன். இத்தகைய விபத்துகளில் மூன்றாமவர் ஒருவர் இருப்பார். அவர் இறங்க மாட்டார், மற்றவரையும் இறங்க விட மாட்டார். மேலாண்மை நோக்கில் மிகச் சரியாக நடந்துகொண்டவர் அவரே. அவரை யாரும் பாராட்டுவதில்லை. மணி அடித்தது. கூடுதல் தாள்களைச் சேர்த்து நூலால் கட்ட வரவில்லை, மேற்பார்வை அம்மாவே வாங்கி முடிச்சுப் போட்டுக்கொடுத்தார். பக்கத்துப் பெண் பேனாவைத் திருப்பித் தந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி, லாஸ்ட் கொஸ்டின் ஈஸி இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

ரத்தினம் ஆட்டோவுக்குள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி, தண்ணீர் பாட்டிலை நீட்டி, "எப்டிக்கா எய்தன?" என்றான். தேர்வு என்றால் எப்போதும் கேட்கிற கேள்வி, நான் எப்போதும் பரவாயில்லை என்பேன், அவன் வண்டியை எடுப்பான். இன்றும் அப்படிச் சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது. "ரத்தினம், மாமாவப் பத்தி கேட்டுட்டாங்கடா" என்றேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. கேள்வியை அப்படியே ஒப்பித்தேன், முதலில் ஒருவர் விழுகிறார், இரண்டாமவர் இறங்குகிறார், மதிப்பிடுக. அவன் முகம் என் கண்ணுக்கு முன்னாலேயே வெளுத்தது. மரத்தில் சாய்ந்துகொண்டான். அவர் செத்த நாளிலிருந்து இந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததில்லை, ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். "நீ இன்னா எய்தன?" என்றான்.

"எறங்கியிருக்கக் கூடாதுன்னு எய்தனேன்."

தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். எல்லாரும் தேர்வு முடிந்து எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, "அக்கா, உங்கிட்ட ஒன்னு சொல்லணும், எவ்ளோ நாளா தெரியல, சொல்லவே வரல" என்றான். "சொல்லுடா" என்றேன். "அன்னிக்கு மாமா உள்ள வுயுந்து, நான் மேல இருந்திருந்தா, நான் எறங்கியிருக்க மாட்டேங்கா. நல்லா யோசிச்சிப் பாத்துட்டேன். தெனம் யோசிக்கிறேன். எனுக்கு தெகிரியம் இல்லக்கா. மேலயே நின்னுக்கினு கத்தியிருப்பேன், அவ்ளோதான் பண்ணியிருப்பேன். அவுரு எனுக்கு எறங்கனாரு. நான் அவுருக்கு எறங்கியிருக்க மாட்டேன்."

வீட்டுக்குத் தெரியாமல் இதைத் தூக்கிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தானா. நான் அவன் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. என் விடைத்தாள் உள்ளே யாருடைய மேஜையிலோ கட்டோடு கட்டாகக் கிடந்தது. நான் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய எதையும் இவனிடம் சொல்லாமல் விட்டால் அது எதற்கு.

"அதாண்டா சரியான பதில்" என்றேன்.

அவன் அப்போதுதான் அழுதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அழாதவன், கொள்ளி வைத்தபோது அழாதவன், அந்த வாசலில், அத்தனை பேர் பார்க்க, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நான் அவனைத் தடுக்கவில்லை, நானும் அழுதேன். அவன் சட்டையில் வியர்வை வாடையும் பெட்ரோல் வாடையும் அடித்தது, என் தம்பி உயிரோடு இருக்கிற வாடை. கோதண்டம், நீங்கள் இறங்கியிருக்கக் கூடாது.